டேலி ஆகாத ஆடுகள்

"பி.காம். படிச்சவருக்குக் காட்டுல என்ன வேலை?" என்று கேட்டாள் மனைவி. ஆடு எண்ணப் போகிறேன் என்றேன். "அதுக்கு எதுக்கு வால்பாறை வரைக்கும்? ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்குப் போனா அங்கேயே எண்ணலாமே!"

கறிக்கடை ஆடு இல்லை சார், வரையாடு! நம்ம மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் வாழ்கிறது; உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வரை என்றால் மலை. நாம் அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும் பாறையில் அது ஹாயாக நின்று அசை போடும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதிலேயே ரோட்டோரம் வரையாடுகள் நின்றன. "எண்ணியாச்சு, திரும்பிடலாமா?" என்றேன். வேனில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் வனத்துறை அனுமதியோடு நடத்தும் கணக்கெடுப்பு இது. அவர்களில் ஒருவர் என் பேங்க் நண்பர். தொப்பையைக் குறைக்க ஆசைப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு நடை ஆரம்பம். தேயிலைத் தோட்டம் தாண்டி, சோலைக்காடு தாண்டி (இங்கே அட்டைகளுக்கு நான் செய்த ரத்த தானம் தனிக் கதை), மேலே ஏறினால்... அடேயப்பா! கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவிவிட்டுப் போனது. எதிர்ப் பாறையில் ஒரு கிழட்டுக் கிடா. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் வெள்ளிச் சேணம் போட்ட மாதிரி வெளுப்பு. எங்களை ஒரு பார்வை பார்த்தது. ஆடிட்டர் பார்வை!

எண்ணும் முறை இதுதான். ஒரே பாதையில் இரண்டு குழு. முதல் குழு போய்க் கால் மணி நேரம் கழித்து இரண்டாவது குழு. எந்தப் பாறை, எத்தனை தலை, கிடா எத்தனை, குட்டி எத்தனை, மணி என்ன? எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். ஒரு குழு இன்னொரு குழுவிடம் வாய் திறக்கக் கூடாது.

நான் இரண்டாவது குழு. நடுவழியில் ஒரு பாறையருகே நண்பர் குழு இளைப்பாறிக்கொண்டிருந்தது. அவர் அட்டை பிடுங்க ஒதுங்க, அவருடைய நோட்டு திறந்தபடி கிடந்தது. பார்த்துவிட்டேன். அவர்களுக்கு நாலு மந்தை, எனக்கு மூணு. அதில் இரண்டு பொது. என்னுடைய மூணாவது அவர்களிடம் இல்லை. அவர்களின் இரண்டு என்னிடம் இல்லை.

பழைய வியாதி தலைதூக்கியது. முன்பு ஒரு கம்பெனியில் மாசக் கடைசியில் டிரயல் பேலன்ஸ் பன்னிரண்டு ரூபாய் உதைத்தால், சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். அவர்களுடைய இரண்டைச் சேர்த்து, என் ஒன்றை அடித்துவிட்டால் கணக்கு கச்சிதம். பென்சிலை எடுத்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த வாட்ச்சர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "பாக்காததை எழுதாதீங்க சார். பாத்ததை அடிக்காதீங்க. இந்த மலையிலயே பொறந்தவன் நான். என் கண்ணுக்கே எத்தனையோ தப்பிரும்."

காது மடல் சூடாகிவிட்டது. பென்சிலைப் பைக்குள் வைத்தேன்.

ராத்திரி ரசம் சாதத்துக்குப் பிறகு நோட்டுகளை ஒப்பிட்டார்கள். ஒரு பையன் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டான். "முதல் குழு 4, உங்க குழு 3. பெருக்கினா 12. ரெண்டு பேரும் பாத்தது 2. வகுத்தா 6 மந்தைங்ணா. இது சும்மா தோராயம்தான்."

"ரெண்டு குழுவையும் கூட்டினாலே அஞ்சுதானேப்பா வருது? ஆறாவது எங்கே?"

"யார் கண்ணுலயும் படாம நிக்குதுங்ணா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வித்தியாசம்தான் இங்கே விஷயமே! நான் மட்டும் பார்த்து எழுதியிருந்தால் 4 x 4, வகுத்தல் 4. மொத்தமே நாலு மந்தை. ஒரு துப்பாக்கிச் சத்தம் கூட இல்லாமல், பென்சில் முனையிலேயே இரண்டு மந்தையைக் காலி பண்ணியிருப்பேன். நண்பரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தமிழக அரசின் கணக்கெடுப்பில் 2024-ல் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303. "பரவாயில்லையே, 272 குட்டியா!" என்றேன். அதே பையன் தலையாட்டவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதுங்ணா. 2025-ல இன்னும் அதிக இடத்துல தேடினாங்க." இவனை மட்டும் எங்க ஆபீஸில் சேர்த்தால் பாதிப் பேர் ராஜினாமா!

இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் மறுபடி ஆடுகள். வேன் நிற்கவில்லை. எனக்கு அஞ்சு தெரிந்தது. பையன் நாலு என்றான். அவன் நாலு என்று எழுதிக்கொண்டான். நான் அஞ்சு என்று எழுதிக்கொண்டேன்.