கழுகு நடை

மனிதனுக்கு வருகிற வலிகளில் சில கௌரவமானவை. நெஞ்சு வலி என்றால் வீடே நடுங்கும். தலைவலி என்றால், "பாவம், நிறைய யோசிக்கிறார்" என்று ஊர் மதிக்கும். இடுப்புப் பிடிப்புக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. குனிந்தவன் நிமிர முடியாமல் நிற்கும் காட்சியைக் கண்டால், கட்டின மனைவிக்குக்கூட முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

என் விஷயத்தில் அது ஒரு தண்ணீர்க் கேனால் வந்தது. தொடர்கதையின் அத்தியாயம் ஒன்றை முடிப்பதற்காக நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தவன், எழுந்த வேகத்தில் வாசலில் இருந்த இருபது லிட்டர் கேனைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் 'சுருக்' என்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை அந்த வலி இடுப்பைக் காலி செய்துவிட்டுப் பிருஷ்டத்தில் குடியேறியிருந்தது. மாலைக்குள் பின்தொடை, கெண்டைக்கால் வழியாக இறங்கிக் கட்டைவிரல் வரை பிரயாணம் செய்துவிட்டது. தும்மினால் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். உட்கார்ந்தால் நெருப்பு, நின்றால் கொஞ்சம் தேவலை. ஆகவே அடுத்த இரண்டு அத்தியாயங்களையும் புத்தக அலமாரியின் மேல் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே எழுதினேன். அந்த இரண்டு அத்தியாயங்களிலும் பாத்திரங்கள் யாருமே உட்காரவில்லை என்று ஒரு வாசகர் பிற்பாடு கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

நோய் வந்தால் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எதிர் வீட்டுக்காரர், "வாயுவேதான், உருளைக்கிழங்கை நிறுத்துங்கள்" என்றார். மைத்துனர் மஹாநாராயண தைலத்துடன் வந்தார். என் சித்தி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். அது இதமாகத்தான் இருந்தது. காலோடு பிறந்தவர்கள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அப்படிப் பிறந்த ஒரு மாமியை அடுத்த தெருவிலிருந்து அழைத்தே வந்துவிட்டார்கள். மாமியின் ஆகிருதியைப் பார்த்ததும், வலி போய்விட்டதாக நான் கூசாமல் பொய் சொன்னேன்.

ஒரு மாதம் இப்படிக் கழிந்த பிறகு எலும்பு வைத்தியர் ஒருவரிடம் போனேன். வயதானவர், நிதானமானவர். என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் மெள்ளத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் அலறினேன். "சயாடிகா" என்றார்.

இடுப்புத் தண்டிலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் சில ஒன்றுகூடி, தொடையின் பின்புறமாக இறங்குகின்றன. நம் உடம்பிலேயே பருமனான நரம்பு அது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. கொழுக்கட்டையைப் போல, வெளியே கெட்டியான தோல். உள்ளே மெத்தென்ற பூரணம். தோல் விரிந்து பூரணம் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் வலி காலுக்குப் போகிறது. பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான். வயதானவர்களுக்கு நரம்பு போகிற பாதையே குறுகிவிடுவதுண்டு. சிலருக்கு ஒரு கட்டை மற்றொன்றின் மேல் முன்பக்கமாக நழுவும். அபூர்வமாகக் கட்டியும் காரணமாகலாம்.

இந்த உபாதை புதிதல்ல. ஆயுர்வேதத்தில் இதற்குக் 'கிருத்ரசி' என்று பெயர். கிருத்ரம் என்றால் பிணந்தின்னிக் கழுகு. நோயாளி அந்தக் கழுகைப் போல் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் வந்த பெயர் என்பார்கள். பெயர் வைத்தவர் என்னைப் போன்ற ஒருவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். நேபிள்ஸ் நகரத்துக் கொட்டுன்யோ என்ற வைத்தியர், இது நரம்பைச் சேர்ந்த வலி என்று 1764-ல் ஒரு நூலே எழுதினார். குற்றவாளி பிதுங்கிய வட்டுதான் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 1934-ல்தான் உலகம் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துக் காட்டினார்கள்.

"எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். வைத்தியர் சிரித்தார். முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் படம் எடுத்துப் பார்த்து, முடிவுகளை 1994-ல் வெளியிட்டார்களாம். எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். "படத்தில் தெரிவதெல்லாம் வலி அல்ல" என்றார். சரி, படுத்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. இரண்டு வாரம் படுத்திருந்தவர்களையும் நடமாடிக்கொண்டிருந்தவர்களையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டு 1999-ல் எழுதினார்கள். பன்னிரண்டு வாரத்தில் இரு சாராரிலும் நூற்றுக்கு 87 பேருக்குக் குணம் தெரிந்ததாம். "ஆகவே நடங்கள். வலிக்கு மாத்திரை தருகிறேன். பிதுங்கியது பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடும்."

பிறகு ஒரு வேடிக்கை செய்யச் சொன்னார். "விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலால் நடந்து காட்டுங்கள்." சர்க்கஸ் கோமாளி மாதிரி நடந்தேன். "பிழைத்தீர்கள். பலம் குறையவில்லை. செருப்பு தானாகக் காலிலிருந்து நழுவினாலோ, பாதம் தொங்கினாலோ தாமதிக்காமல் வாருங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து இந்தக் குதிகால் நடையை மனைவிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பெருக்கிவிட்டுப் போகும் அம்மாள் துடைப்பத்துடன் நின்று பார்த்தாள்.

"ஐயா, எனக்கும் மூணு வருசமா இப்படித்தான். இடது கால்ல செருப்பே நிக்கிறதில்லை. அதான் வெறுங்காலோட வரேன்" என்றாள்.

வெறுங்காலோடு வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அது அவளுடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். கதாசிரியன் என்று பெயர். மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழில்.

"கொஞ்சம் குதிகாலால் நடங்கள், பார்க்கலாம்" என்றேன். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் தரையை விட்டு எழவில்லை. அவள் வெட்கத்துடன் சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னாள். நான் தைல டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்" என்று அன்றிரவு மனைவி சொன்னாள். சற்றுப் பொறுத்து, "வராத நாளைக் காலண்டரில் குறித்தும் வைத்தேன்" என்றாள்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே படம் எடுத்தார்கள்; அவளுக்கு அது அவசியமாக இருந்தது. ஒரு கட்டை முன்னால் நழுவி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலி போய்விட்டது. பாதம் மட்டும் பழையபடி எழவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்துவிட்டால் பலம் முழுவதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். பாதம் தொங்காமல் தாங்குவதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். செருப்புக்குப் பதில் இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறாள்.

எனக்கு மூன்றாம் மாதத்தில் குணமாகிவிட்டது. இன்றைக்கு இதை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன். எங்கள் துடைப்பத்துக்கு நீளமான கழி போட்டிருக்கிறோம். தண்ணீர்க் கேனை இனி யார் தூக்குவது என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை.

அந்த அம்மாள் தினமும் காலையில் வந்ததும், "ஐயா, கால் எப்படி இருக்குது?" என்று கேட்கிறாள்.

"தேவலை" என்கிறேன். அவள் காலைப் பற்றி நான் கேட்க வாயெடுப்பதற்குள், பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.