ஆவணியில் மலை ஏறப் போனோம்

வன்னியில் மலை என்று பெயர் பெற்றவை எல்லாம் பாறைக் குன்றுகள்தான். மற்றப்படி எங்களுக்கு உயரம் என்றால் குளக்கட்டு. இரணைமடுக் கட்டில் நின்று பார்த்தால் வயல், அதற்கப்பால் காடு, அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, ஆட்களைச் சேர்த்து வான் பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் போய்வரும் ஆசை இங்கே பலருக்கும் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. ஓகஸ்ற்றில் பாடசாலை விடுமுறை வந்தது. பிள்ளைகளுக்கும் வசதி, எனக்கும் வசதி. நாள் குறித்தோம்.

அம்மாவிடம் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "இந்த மாசத்துலயா பாதமலைக்குப் போவாங்க?"

அம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு, லயத்தை விட்டு வன்னிக்கு வந்த ஏராளமான குடும்பங்களோடு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் காலூன்றியவர். நான் பிறந்தது இங்கே. மலையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பழங்கதை. முற்றத்தில் சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. மழை என்ற சொல்லுக்கே இடமில்லாத காலம். இந்த வெயிலில் என்ன மழை என்று சிரித்தேன்.

இத்தனைக்கும் நான் புவியியல் படிப்பிக்கிறவன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக வடக்கே இறங்குகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறேன். எங்கள் முற்றத்துச் சோளகம்தான் அது. இங்கே புழுதி கிளப்பும் காற்று அங்கே மழையாக விழுந்து முடிந்த மிச்சம். வன்னியானுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வாடைக் காற்றோடு வருவது. எங்கள் உடம்பு அந்தப் பஞ்சாங்கத்தில் ஊறியது. அம்மாவிடம் இரண்டு பஞ்சாங்கமும் இருந்தன.

மலைக்குப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை. அந்த மாதங்களில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை மின்விளக்கு எரியும், வழிநெடுகத் தேநீர்க் கடைகள் இருக்கும், விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். பருவம் முடிந்தால் விளக்கு இல்லை, கடை இல்லை. படிகள் மட்டும் இருக்கும். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் அவை 5,000-க்கும் மேல்.

உச்சியின் உயரம் 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். கிளிநொச்சியில் இரவு 25 பாகை என்றால் உச்சியில் பத்துப் பதினொன்று. அதோடு காற்று, அதோடு நனைந்த உடுப்பு. மூச்சுத் திணறவைக்கும் உயரம் அல்ல இது. அந்தத் தொல்லை பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான். இங்கே ஆளைச் சாய்ப்பது குளிர்.

விடியப் புறப்பட்டு, மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, கண்டி, ஹட்டன் தாண்டி இரவு நல்லதண்ணியில் இறங்கினோம். நள்ளிரவு கழிந்து ஏறத் தொடங்கினோம். முதலில் தூறல்தான். ஜப்பானியத் துறவிகள் கட்டிய சமாதானத் தூபியைத் தாண்டியபோது தூறல் மழையாயிற்று; பிறகு மேகத்துக்குள்ளேயே நடந்தோம். ரோச் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. அட்டைகள் காலில் ஏறியது தெரிந்தது. குனிந்து பிடுங்க யாருக்கும் மனமில்லை.

அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. ஜீன்ஸும் ரீசேட்டும் போட்டு வந்திருந்தான். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸைப் போல மோசமான மலை உடுப்பு வேறில்லை. அவன் முதலில் நடுங்கினான். பிறகு படிகளில் தடுக்கினான். பிறகு, "மாமா, நித்திரை வருது, என்னை விட்டிட்டுப் போங்கோ" என்றான். நாக்குக் குழறியது.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயமோ இரக்கமோ இல்லை. கோபம். இவ்வளவு தூரம் வந்து இவனால் கெட்டதே என்ற கோபம். அம்மா தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்த்த உச்சியில் நின்று அவருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். யாராவது ஒருவரை அவனோடு விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறலாம் என்ற யோசனை வாய் வரை வந்தது. இதை அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை. மலையில் ஆட்களைப் பிரித்துவிடுகிற அந்த யோசனை எல்லாருக்கும் வரும் என்று பிறகு பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன். உச்சி கிட்ட வரவரத்தான் அது வருமாம்.

எங்களோடு பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி வந்திருந்தாள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை. அவள்தான் பேசினாள்: "சேர், எங்கட வேலையில கை நடுங்கினா அண்டைக்கு ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது. எல்லாரும் திரும்புவம்." கேள்வியாகக் கேட்கவில்லை.

பூட்டிக் கிடந்த கடையொன்றின் தகரத் தாழ்வாரத்தில் அவனை இருத்தினோம். நனைந்ததைக் கழற்றி, பையிலிருந்த காய்ந்த சாரத்தாலும் சுவெட்டராலும் சுற்றி, தலையையும் மூடினோம். பிளாஸ்கில் இருந்த சீனி போட்ட தேநீரை மிடறு மிடறாகக் கொடுத்தோம். பெடியன் ஒருவன் இடுப்பிலிருந்து சாராயப் போத்தலை எடுத்தான், குளிருக்கு நல்லதாம். அவள் பறித்து வைத்தாள். அவள் செய்ததுதான் சரி. சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். உடம்பு சுடுவதுபோல் இருக்கும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுங்குகிறவன் நடுக்கம் நின்று அமைதியானால் தேறிவிட்டான் என்று நினைக்கக் கூடாது. அதுதான் கூடின ஆபத்து. அவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. மெல்ல மெல்லப் பேச்சுத் தெளிந்தது.

இறக்கம் ஏற்றத்தை விடப் பொல்லாதது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கால் சொன்ன பேச்சுக் கேட்காது. கீழே தோட்டத்து வெளிச்சம் தெரிந்ததும் பெடியங்கள் தேயிலைக்குள்ளால் குறுக்கே இறங்கப் பார்த்தார்கள். தேயிலைச் செடிக்கடியில் தண்ணீர் ஓட வெட்டிய கான்கள் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கீழே சரிவு எங்கே முடிகிறது என்றும் தெரியாது. "வந்த வழி," என்றாள் அவள் மறுபடியும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறிய எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கவே புதிதாகச் சொல்லிக்கொடுத்தோம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதே. ஆட்கள் புழங்கும் பாதையை விட்டு விலகாதே. தவறி உள்ளே போனால் வந்த அடியிலேயே திரும்பி வா. பள்ளிக்கூடத்தில் படம் காட்டிப் பாடமாக்கியவனும் நான்தான். மிதிவெடி இல்லாத இடம் என்றதும் அந்த ஒழுங்கெல்லாம் விட்டுப் போகிறது.

காலையில் வானில் ஏறியபோது ஆபத்து முடிந்தது என்று நினைத்தோம். சாரதியும் எங்களோடு மலையேறியவர். அவரும் கும்பிட வேண்டாமா என்று கூட்டிப் போயிருந்தோம். முதல்நாள் விடிய எழும்பிய மனிதர், 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, இரவு முழுக்க மழையில் ஏறி இறங்கி, மறுபடி ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்தார். கினிகத்தேனை வளைவுகளில் நன்றாகத்தான் ஓட்டினார். மதவாச்சி தாண்டிய நேர்த் தெருவில் வான் மெல்ல வலப்பக்கம் சாயத் தொடங்கியது. முன்சீற்றில் இருந்தவர் கத்தினார். எதிரே வாகனம் வராதது எங்கள் புண்ணியம். வவுனியாவில் நிறுத்தி, பின்னேரம் வரை அவரைத் தூங்க விட்டோம்.

என்னைக் கேட்டால், எங்களைச் சாவுக்கு ஆகக் கிட்டக் கொண்டுபோனது மலை இல்லை, ஏ-9 வீதி. வன்னியிலிருந்து மலை ஏறுகிறவர்களுக்கான முதல் பாதுகாப்பு விதி வானுக்குள்தான் தொடங்குகிறது.

மழைக்கு மட்டும் பயந்தால் போதாது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சேனைக்கு நெருப்பு வைத்துப் பழகிய எங்களுக்கு, தீ காற்றுப் போகும் பக்கம் போகும் என்று தெரியும். சரிவில் அது மேல்நோக்கிப் பாயும், மனிதன் ஏறுகிற வேகத்தை விட வேகமாக. எங்கள் நாட்டு மலைகளில் பெரும் பயம் மண்சரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 காலை லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் பிளந்துபோட்டதில், நாடு முழுவதும் இறந்தவர்கள் 600-க்கும் மேல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாவட்டவாரியாக விடுகிறது. புறப்படும் முன் அதைப் பாருங்கள். மஞ்சள் என்றாலும் நான் இப்போது போக மாட்டேன். இது என் கட்டுப்பாடு. அவசரத்துக்கு அழைக்கும் இலக்கங்கள்: 1990 அம்புலன்ஸுக்கு, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு. போனில் மின்னேற்றம் இருந்தால்தான் இவை உதவும். இருட்டில் வெளிச்சத்துக்காகப் போனைக் கொல்லாமல் தனி ரோச் கொண்டு போங்கள்.

இப்போதும் ஒவ்வொரு ஓகஸ்ற்றும் என்னிடம் படித்த பெடியங்கள் வந்து, "சேர், பாதமலைக்குப் போறம், வாங்கோவன்" என்று கேட்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தையிலோ மாசியிலோ போங்கள். ஹட்டனில் ஓர் இரவு தங்குங்கள். சாரதிக்கு என்று தனியாக ஒரு அறை எடுத்து, நீங்கள் ஏறி இறங்கும் வரை அவரைத் தூங்க விடுங்கள். வானுக்குக் காசு சேர்க்கும்போதே அந்த அறைக்கான காசையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.