மெருகும் கீறலும்

மெருகேற்றுதல் என்ற சொல், ஒரு பொருளின் மீது புதிதாக ஏதோ சேர்க்கப்படுகின்றது என்ற எண்ணத்தைத் தோற்றுவிப்பது. 'ஏற்றுதல்' என்னும் வினையே அம்மயக்கத்துக்குக் காரணமாகலாம். உண்மையில் அங்கு நிகழ்வது அகற்றுதலேயாகும். கண்ணாடியை நுண்பொடியால் தேய்க்கும்போது கீறல்கள் முற்றாக மறைவதில்லை, கண்ணுக்குப் புலனாகாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன என்பதை நியூற்றன் 1704இல் வெளியிட்ட தமது ஒளியியல் நூலிலேயே விளக்கியிருந்தார். மோட்டார் வாகனத்தின் பூச்சுக்கும் இதுவே பொருந்தும்.

கருநிற வாகனமொன்றை வெயிலில் நிறுத்தி நோக்கினால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததனால் ஏற்பட்டவை என்றே பலரும் கருதுவர். அக்கோடுகள் வட்டமானவையல்ல. பூச்சின் மேல் எல்லாத் திசைகளிலும் கிடக்கும் எண்ணற்ற கீறல்களுள், ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பக்கூடிய கோணத்தில் அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன. அவை ஒளியைச் சூழ்ந்து நிற்பதால் வட்டமாகத் தோன்றுகின்றன. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் வட்டமும் உடன் நகரும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும் பழக்கமே இக்கீறல்களுக்குப் பெருங்காரணம். தூசியிற் கலந்துள்ள மணற்றுகள் பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது.

இன்றைய வாகனங்களில் நிறப்பூச்சுக்கு மேல் நிறமற்ற ஒளிபுகு பூச்சொன்று உண்டு. அதன் தடிப்புப் பொதுவாக 40 முதல் 50 மைக்குறோன் வரையிலானது. தலைமயிரொன்றின் தடிப்பைவிடக் குறைவு. நிறத்தை வெயிலிலிருந்து காப்பதும் அதுவே. மெருகிடும் ஒவ்வொரு முறையும் அதிற் சிறிது தேய்ந்து போகின்றது, போனது மீள்வதில்லை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் மதிப்பு ஏறியது. 'கட் அன்ட் பொலிஷ்' என்ற பலகையும் தெருவுக்குத் தெரு தொங்கியது. அக்காலத்திலே யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகளின் படிப்புச் செலவுக்காகத் தமது கருநீல யப்பானியக் காரை விற்க முடிவு செய்தார். மெருகிட வந்தவர், கட்டாரில் இத்தொழிலைப் பயின்று திரும்பிய இளைஞர்.

"தம்பி, கம்பளியாலை ஒருக்கா வெட்டி விடும். ஒரு நாளிலை முடியுமெல்லோ?" என்றார் ஆசிரியர்.

"முதல்லை அளந்து பாப்பம், ஐயா" என்றார் இளைஞர்.

தடிப்பு அளக்கும் கருவி, முன்மூடியில் 112 மைக்குறோனும் கூரையில் 78 மைக்குறோனும் காட்டியது. இடப்புறப் பின்கதவிலோ 280. கருவி காட்டுவது எல்லாப் பூச்சுகளின் கூட்டுத்தொகையையே. மேற்பூச்சு மட்டும் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆயினும் கூரையை முன்னொரு காலத்தில் யாரோ அளவுமீறித் தேய்த்திருந்தனர் என்பதையும், கதவு பின்னர் பூசப்பட்டது என்பதையும் ஊகிக்க அது போதியதாயிற்று.

தேய்க்கும் பாட்டையும் கொம்பவுண்டையும் தெரிவு செய்வதிலேதான் தொழிலாளியின் அறிவு வெளிப்படுகின்றது. கம்பளி விரைவாக வெட்டும். மென்மையான கரும்பூச்சில் தனது தடத்தையும் விட்டுச் செல்லும். அத்தடத்தை அழிக்க இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கடினமான ஸ்பொஞ்ச் வெட்டுவதற்கும், மிருதுவானது இறுதி மெருகுக்கும் உரியவை. நிறத்தைக் கொண்டு இவற்றை இனங்காண முயல்வது வீண். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் இன்னொரு நிறுவனத்தின் மஞ்சளன்று. கொம்பவுண்டில் உள்ள பொடி பெரும்பாலும் அலுமினிய ஒட்சைட்டு. இரத்தினபுரி மண்ணிலிருந்து எடுக்கப்படும் நீலக்கல்லும் அதே பொருள்தான் என்பது வியப்புக்குரியது. ஒரே கொம்பவுண்ட் கடின ஸ்பொஞ்சில் ஒருவாறும் மிருதுவான ஸ்பொஞ்சில் வேறொருவாறும் நடந்துகொள்ளும். ஆகவே இரண்டையும் சோடியாகவே மதிப்பிட வேண்டும். மிக மென்மையான சோடியிலிருந்தே தொடங்க வேண்டும். அது போதாதென்று கண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். வேகத்தையே திறமையெனக் கொள்ளும் கராஜ்களில் இந்தப் பொறுமையைக் காண்பது அரிது.

இளைஞர் முன்மூடியில் இரண்டடிச் சதுரத்தை நாடாவால் வரையறுத்துக்கொண்டார். ஒரே அச்சிற் சுழலும் பொறியை விடுத்து, சுழற்சியுடன் அசைவும் கொண்ட பொறியையே எடுத்தார். அதில் வெப்பம் ஓரிடத்திற் குவிவது குறைவு. மிருதுவான ஸ்பொஞ்சும் நுண்மெருகும் கீறலைப் பாதியே குறைத்தன. நடுத்தர ஸ்பொஞ்ச் மீதியைத் தீர்த்தது. பின்னர் அற்ககோல் கலந்த நீரால் எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும் இயல்புடையது.

பின்கதவைத் தொட்டதும் ஸ்பொஞ்ச் நீலமாயிற்று. ஆசிரியர் பதறிப்போனார். ஒளிபுகு பூச்சுள்ள இடத்தில் ஸ்பொஞ்சில் வெண்பசையே படியும். நிறம் வந்தால் அப்பூச்சு அறுந்துவிட்டதென்பது பொருள். ஆனால் 280 என்ற அளவு வேறொன்றைக் கூறியது. கதவைத் திருத்தியவர்கள் நிறப்பூச்சோடு நிறுத்தி, மேற்பூச்சு இடாமலே விட்டிருந்தனர்.

எஞ்சியது கூரை. விலை பேச வருபவரின் கண் முதலிற் படுவது அங்கேதான். இளைஞரோ கொம்பவுண்ட் பக்கமே போகவில்லை; மிருதுவான ஸ்பொஞ்சால் ஒரேயொரு முறை ஓட்டி நிறுத்தினார். ஆழமான கோடுகள் அப்படியே கிடந்தன.

"கீறலை மூடுற கிரீம் ஒண்டு இருக்காமே, தம்பி?"

"இருக்கு, ஐயா. நாலைஞ்சு தரம் கழுவினால் போயிடும். வாங்கினவர் பிறகு உங்களிட்டைத்தான் வந்து கேப்பார்."

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. மகளுக்கு அனுப்ப வேண்டிய தொகை அவருக்கு நன்கு தெரியும். பின்பு வேண்டாமென்று கையசைத்தார். வாங்க வந்தவரிடம் கதவைப் பற்றியும் கூரையைப் பற்றியும் தாமே கூறினார்; அவரும் அதைக் காட்டியே விலையிற் சிறிது குறைத்தார். எதிர்பார்த்த தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் இடையிலிருந்த குறை, மாதச் சீட்டிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. கூரையை இனி எவரும் கொம்பவுண்டால் தேய்க்கக்கூடாது என்பதையும், கழுவும்போது சவர்க்கார நீருக்கொன்றும் துணி அலசுவதற்கொன்றுமாக இரண்டு வாளிகள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் ஒரு தாளில் எழுதி, திறப்போடு சேர்த்துக் கொடுத்தார்.