நிறைவு என்னும் சொல்

வீடு கட்டுவோர் ஒப்பந்தத்தில் கூர்ந்து நோக்குவது விலையை. பிணக்குப் பிறப்பதோ பலவேளை சொல்லில். மலேசியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஒப்பந்தப் படிவத்தில் அத்தகைய சொல்லொன்று உண்டு. அதுவே 'நடைமுறை நிறைவு'.

நிறைவு என்றதும் எல்லா வேலையும் முடிந்தது எனக் கருதுவோர் பலர். அப்பொருள் அதற்கு இல்லை. சிறு வேலைகளும் சிறு குறைகளும் எஞ்சியிருப்பினும், கட்டடத்தை உரிய பயனுக்கு முழுமையாகக் கொள்ளலாம் என்னும் நிலையே அது. அதைக் கட்டடக் கலைஞர் சான்றிதழ் வழங்கி உறுதிசெய்வார்.

அந்நிறைவோடு மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. தாமதத்திற்கான இழப்பீடு வளர்வது நின்றுவிடும். குறைகளைத் திருத்தித் தரவேண்டிய காலம் தொடங்கும். வேறு கெடு குறிக்கப்படாவிடில் அது 12 மாதம். உரிமையாளர் பிடித்துவைத்த பணத்தில் பாதி குத்தகையாளரைச் சேரும். 500,000 வெள்ளி ஒப்பந்தத்தில் 5 விழுக்காடாகிய 25,000 வெள்ளி பிடிக்கப்பட்டிருந்தால், 12,500 வெள்ளியை விடுவிக்கவேண்டும். குறைகளைத் திருத்துவிக்க உரிமையாளர் கையில் எஞ்சும் பிடி மற்றப் பாதியே.

பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டு, வேலை முடியுமுன்பே குத்தகையாளரின் இசைவோடு வீட்டின் ஒரு பகுதியில் குடிபுகும் குடும்பங்கள் உண்டு. குடிபுகுந்த பகுதி அன்றே நிறைவெய்தியதாகப் படிவம் கொள்ளும். அப்பகுதிக்குரிய அளவில் இழப்பீடு குறையும்; பிடித்த பணத்திலும் பாதி கைவிட்டுப் போகும். சுவர் வெடிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

பால் காய்ச்ச நாள் பார்ப்போர், அதற்குமுன் படிவத்தையும் பார்த்தல் வேண்டும்.