ஒரு விரல் இடைவெளி

கட்சிக்காரரின் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று எஸ்.ஜி.எஸ். இந்தியா எதிர் டால்பின் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. சிதம்பரத்துக்காரர் ஒருவரின் கார் வழக்கைக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்தபோது என்னை உறுத்தியது அந்தத் தீர்ப்புதான்.

அவருடைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் போய்விட்டது. புது பாக்ஸ் கட்டுப்படியாகாமல், சென்னை புதுப்பேட்டையில் டார்க் கன்வெர்ட்டரோடு பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கி, கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டக் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அரைபடும் சத்தம். பிறகு எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின்தான் உறுமியது, வண்டி நகரவில்லை.

"புதுப்பேட்டை சரக்குக்கு நான் எப்படி சார் பொறுப்பாக முடியும்? பம்ப் ஏற்கெனவே போயிருக்கும்" என்றார் ஒர்க்‌ஷாப் உரிமையாளர். பதிலுரையிலும் அதுவே வாதம். வலுவான வாதம்தான்; பாக்ஸுக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது.

வழக்குக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் ஆளையும் வைத்துக்கொண்டு பாக்ஸைத் திறக்கச் செய்திருந்தோம். ஆயில் பம்பின் உள்பல்சக்கரம் உடைந்திருந்தது. அதில் தகராறு இல்லை. உடைந்தது எப்போது என்பதுதான் வழக்கு.

ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஓடும் மின்விசிறிக்கு எதிரே வைத்த இன்னொரு விசிறி அந்தக் காற்றிலேயே சுற்றுவதைப் போல, கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழியாக இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. கன்வெர்ட்டரைப் பாக்ஸில் ஏற்றும்போது மூன்று இடத்தில் பொருந்த வேண்டும்: ஸ்டேட்டர் ஷாஃப்ட், இன்புட் ஷாஃப்ட், ஆயில் பம்ப். சுழற்றிச் சுழற்றித் தள்ளினால் படிப்படியாக இறங்கும். பம்பில் மாட்டாமலேயே முழுக்க உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும். அந்த நிலையில் பாக்ஸை இன்ஜினோடு சேர்த்தால், பாக்ஸின் முன்பக்க உறையான பெல் ஹவுசிங் இன்ஜினில் ஒட்டாது. அங்கே நிறுத்திக் கழற்ற வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்தால், இன்ஜின் பக்கத்துத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் பம்புக்கும் நடுவே கன்வெர்ட்டர் நெரிபட்டுப் பம்ப் உடையும். விரிசல் விட்ட பல்சக்கரம் கொஞ்ச தூரம் தாங்கி, பிறகு கைவிடலாம். சரியாக இறங்கியிருந்தால் ஹவுசிங் ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்றும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் சில மில்லிமீட்டர் விலகல் இருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்துத்தான். அனுமதி பெற்று, பாக்ஸை மாட்டிய மெக்கானிக்குக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்பினேன். பம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஹவுசிங் கையால் தள்ளியே ஒட்டியதா? இல்லையென்றால் எவ்வளவு இடைவெளி இருந்தது? அதை எப்படி மூடினீர்கள்? மூடிய பிறகு கன்வெர்ட்டரைச் சுற்றிப் பார்த்தீர்களா?

மெக்கானிக்கின் பதில் ஒளிவுமறைவில்லாமல் வந்தது. ஒரு விரல் இடைவெளி இருந்தது, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, சீராக இறுக்கி மூடினோம், சுற்றிப் பார்க்கவில்லை. தன் வேலையின் நேர்த்திக்குச் சான்றாகத்தான் அவர் அதை எழுதியிருந்தார். கிளட்ச் வண்டிகளில் பழகிய கை அது.

நேர்மையான தொழிலாளி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட்டார். நானும் அதை மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவுப்படி, இழப்பை உண்டாக்கும் கவனக்குறைவும் குறைபாடுதான். ஏமாற்றும் எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை.

கூலியைத் திருப்பித் தரவும், பம்ப் மாற்றும் செலவையும் வழக்குச் செலவையும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட்டது. புது கியர்பாக்ஸ் விலை கேட்டதைத் தள்ளுபடி செய்தது. பழைய பாக்ஸ் வாங்கியவருக்குப் புது பாக்ஸின் விலையை எப்படித் தருவது? என் கட்சிக்காரருக்கு அதில் மனக்குறை. எனக்குச் சரியென்றே பட்டது. மேல்முறையீட்டுக்கான 45 நாட்களுக்குள் இரு தரப்பும் மாநில ஆணையத்துக்குப் போகவில்லை.

இயந்திரம் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தால் ஜூனியர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஏன் உடைந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும். மாட்டும்போது என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் பெருமையாகவே சொல்லிவிடுவார்.