கிறீச்சும் வெடவெடப்பும்

அணுசக்தி நகரில் வசிப்போரின் கார்கள் பல, ஓடுவதைவிட நிற்பதற்கே வாங்கப்பட்டவை என்று தோன்றும். வேலைக்கு அலுவலகப் பேருந்து உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிறன்று செட்டா நகர் முருகன் கோயிலுக்கோ, முருங்கையும் கறிவேப்பிலையும் வாங்க மாட்டுங்காவுக்கோ போனால்தான் வண்டிக்கு வேலை. மே மாதம் ஊருக்குப் போகும் குடும்பங்கள் அதை மரத்தடியில் ஐந்தாறு வாரம் விட்டுச் செல்கின்றன. திரும்பி வருகையில் மழை தொடங்கியிருக்கும். தாணே கழிமுகத்தின் உப்புக்காற்று வேறு. வார்ப்பிரும்பாலான பிரேக் டிஸ்க்கில் துரு படிய இங்கே ஓர் இரவு போதும். ஐந்து வாரம் நின்றால், பேட் பற்றியிருந்த இடம் மட்டும் தனித் தடமாகப் பதிந்துவிடும்.

பணி ஓய்வுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்த ஒரு தொழில்நுட்ப அலுவலரின் கார் இவ்வாறு நின்று பழகியது. முதலில் பிரேக்கை மிதிக்கும்போது கிறீச்சென்ற ஒலி வந்தது. பட்டறையில் முன்சக்கரங்களுக்குப் புதிய பேட் மாற்றினார்கள், ஒலி நின்றது. சில வாரம் கழித்துப் பூனாவிலிருந்து திரும்புகையில், கண்டாலா மலையிறக்கத்தில், மழையில், ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. "ஏங்க, வண்டி என்ன இப்படி உதறுது?" என்றார் மனைவி. பின்னிருக்கையில் எண்பது கடந்த தாய் உறங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்து, இதே காரில் இதே மூவரும் திருநெல்வேலிக்குப் போவதென்பது திட்டம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை.

ஊரில் பட்டறை வைத்திருக்கும் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையிலிருந்து வந்தவை எல்லாம் மொழி பற்றிய கேள்விகளே. "கிறீச்சுன்னு வருதா, கறகறன்னு வருதா அத்தான்? இல்ல, வெடவெடன்னு ஆடுதா? மிதிச்சா மட்டுமா, சும்மா போகும்போதுமா?"

மெக்கானிக்குகளின் இந்தச் சொற்களை அரைகுறை விவரணை என்று ஒதுக்குவது தவறு. அவை துல்லியமான கலைச்சொற்கள். கிறீச் என்பது பேட் தேய்ந்து, அதில் பொருத்திய எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசும் ஒலியாக இருக்கலாம். கறகற என்றால் பேட் முற்றிலும் தீர்ந்து இரும்பு இரும்பை அறுக்கிறது. அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். வெடவெட வேறு இனம். அது ஒலியன்று, உடல் உணர்வது. இசை, குறிப்பு, பண்பு எனத் தொல்காப்பியம் உரிச்சொல்லுக்குக் காட்டும் மூன்று களங்களை இங்கே நினைக்கலாம்: கிறீச் இசையின்பாற்படும், வெடவெடப்பு குறிப்பின்பாற்படும்.

இன்னொன்றும் உண்டு. கிறீச் ஒற்றையாக நிற்கிறது. வெடவெட இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருளில்லை. காரிலும் அப்படித்தான். உரசல் இடைவிடாத ஒன்று. நடுக்கமோ சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒருமுறை வருவது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சிறு காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறை சுற்றும். கையும் அத்தனை முறை அதிரும். வேகம் குறையக் குறைய அதிர்வும் தளரும். சொல்லின் இரட்டிப்பே நோயின் இடத்தைச் சுட்டிவிடுகிறது: சுழலும் ஏதோ ஒன்றில் சமமின்மை. (எல்லா இரட்டைக்கிளவிக்கும் இது பொருந்தாது, கறகறவே இடிக்கும்.)

கோவண்டியில் ஒரு முதிய மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் "தர்-தர்" என்றார். மராட்டியிலும் நடுக்கத்துக்கு அதே சொல்தான். இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாகக் காண வேண்டுமென 1956இல் எழுதிய எமனோ, 1969இல் வெளிவந்த கட்டுரையில் இத்தகைய இரட்டித்த ஒலிக்குறிப்புச் சொற்களை அப்பரப்பின் பொது இயல்புகளுள் ஒன்றாகக் காட்டினார். 1956இல்தான் திராம்பேயில் அப்சரா அணு உலையும் இயங்கத் தொடங்கியது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் துரு இருந்தால் டிஸ்க் மிகச் சிறிது சாய்ந்து அமர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டைத் தொட்டுச் செல்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடத்தின் தடிமன் மாறுகிறது. பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக அப்பிக்கொள்வதும் உண்டு. மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு வேறுபாடே கையை நடுங்க வைக்கும். தலைமுடியின் தடிமன் இதைவிடப் பெரிது. எனவே பேட்டை மட்டும் மாற்றினால் ஒலி போகும், நடுக்கம் தங்கும்.

விளையாட்டில்லை இது. 1,200 கிலோ எடையுள்ள காரை எண்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் எழும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. மலையிறக்கத்தில் அது மீண்டும் மீண்டும் எழுகிறது. அங்கே கீழ்க் கியரில் இறங்குவதே அறிவு.

மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி, மைக்ரோமீட்டரை அலுவலரிடமே நீட்டினார். இயந்திரப் பட்டறையில் முப்பத்தைந்தாண்டு அதைப் பிடித்த கை. விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்தார். இரண்டு இடங்கள் மெலிந்திருந்தன. இரு டிஸ்க்குகளையும் மாற்றினார்கள், பேட்டுகளும் புதியவை. ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தார்கள். முதல் பட்டறையில் இந்தக் கால்மணி நேர வேலையைச் செய்திருந்தால் கண்டாலா நடுக்கம் வந்திருக்காது.

புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஒரு ஞாயிறு விடியலில் வாஷி பாலம் கடந்து, ஆளற்ற பாம் பீச் சாலையில், அறுபதிலிருந்து இருபதுக்கு, முழுதாய் நிறுத்தாமல், பத்து முறை வேகம் குறைத்தார். மனைவி பக்கத்திலிருந்து எண்ணினார். ஏழாவது முறை கருகல் வாடை வந்தது, அது இயல்பே. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஆற விட்டார்கள்.

அந்த மே மாதம் ஊருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது இவ்வளவே: ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஈரத்தில் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வாரம் ஒருமுறை வளாகத்தைச் சுற்றி ஓட்டிவைக்கிறேன், ஆகஸ்டு வரை இங்கேதான் இருப்பேன்.