விக்டோரியா பூங்காவில் ஒரு பகல்

நுவரெலியாவுக்குச் சீசன் பார்க்கப் போகவேண்டும் என்று பிள்ளைகள் வருடந்தோறும் கேட்பார்கள். கடையைப் பூட்ட மனம் வராத அவர்களின் வாப்பா, 2018 ஏப்ரல் விடுமுறையில்தான் ஒருவாறு இணங்கினார். வானில் இரண்டு இடம் மிச்சம். "அக்காவையும் பேரனையும் கூட்டிப் போவோம்" என்றேன்.

அக்கா எங்கள் உறவல்ல. மீரியபெத்தையில் கொழுந்து பறித்தவர். கொஸ்லந்தையில் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்து பழக்கமானவர். என் மூத்தவன் பிறந்தபோது பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துத் தந்தவரும் அவர்தான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மண்சரிவில் அவருடைய லயம் போயிற்று. அவர் வேலைக்குப் போயிருந்தார், பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தான். காய்ச்சலென்று படுத்திருந்த கணவர் மண்ணோடு போனார். உடல் கிடைக்கவில்லை. பிறகு மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் மற்றக் குடும்பங்களோடு இருந்து, 2016இல்தான் புதுவீட்டுக்குப் போனார்.

அப்புத்தளை, வெலிமடை, ஹக்கல வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சீசன் காலத்து நுவரெலியாவைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஊரே வாகனம். ஆனால் தபால் கந்தோருக்குக் கிட்ட இருக்கும் பூங்காவுக்குள் நுழைந்ததும் இரைச்சல் குறைந்துவிட்டது.

முன்பு ஹக்கல பூங்காவின் ஆராய்ச்சி நிலமாக இருந்த இடம் இது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக அவர் பெயரைப் பெற்றது. பெரிய மரங்கள், ரோஜாப் பாத்திகள், நடுவே ஓடும் நானு ஓயா. குளிர்காலத்தில் இமயமலைப் பக்கத்துக் குருவிகள் இங்கு வந்து தங்குமாம். அவற்றைப் பார்க்க வெளிநாட்டார் கமராவோடு காத்திருப்பார்களாம். பிள்ளைகளுக்குக் குருவியும் வேண்டாம், ரோஜாவும் வேண்டாம். சின்ன ரயிலைக் கண்டதும் ஓடிவிட்டார்கள்.

அக்கா வாங்கில் உட்காரவில்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களிடம் போய்ச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று விசாரித்தார். பிறகு பாத்தி ஓரமாகவே நடந்து, ஓரிடத்தில் குனிந்து நின்றார். பூவைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பார்த்தது கானை.

"தங்கச்சி, இந்தக் கானைப் பாருங்க. குப்பை இல்ல, மண் இல்ல. தண்ணி தானாப் போகுது."

அவருடைய கணவருக்குத் தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. மழைக்கு முன் கானைத் துப்பரவாக்காவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மலை கனக்கும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்ததைப் பிற்பாடு பத்திரிகையில் படித்தேன். எழுந்து போ என்றால் எங்கே போவது? லயத்தை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை ஏது?

பகல் இரண்டு மணிபோல் மேகம் கூடியது. பிதுருதலாகலையின் உச்சியே மறைந்தது. அக்கா மேலே பார்த்துக் கேட்டார்: "இந்த மலை கெட்டியா, தங்கச்சி?"

இலங்கையிலேயே உயர்ந்த மலை, 2,524 மீற்றர் என்று பிள்ளைகளின் பாடத்தில் இருப்பது எனக்குத் தெரியும். கெட்டியா என்று எனக்கெப்படித் தெரியும்? "ஒன்றும் ஆகாது அக்கா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ரயிலடியில் நின்ற பிள்ளைகள் நனைந்தபடி சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். என் மூவர், அவருடைய பேரன். அக்கா முந்தானையால் ஒவ்வொருவர் தலையாகத் துவட்டினார். துவட்டும்போதே எண்ணினார். வானுக்கு நடக்கும்போது எண்ணினார். வானில் ஏறிய பிறகும், கதவைச் சாத்துமுன் ஒருமுறை எண்ணினார்.

"நாலும் இருக்கு, போகலாம்" என்றார் டிரைவரிடம்.